லைட் பிடித்த மாமா

அக்கா லேப்டாப் திரையில் ஏறக்குறைய மூக்கையே வைத்துவிட்டாள். மூச்சு பட்டுத் திரை மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். நான் இடது ஓரத்தில் விரலை வைத்து, இங்கேதான் அக்கா, தூணுக்குப் பக்கத்தில், சட்டைக் கையை மடித்துவிட்டு மாமா நிற்கிறார் பார் என்றேன். அவள் கண்ணைச் சுருக்கினாள், விரித்தாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். இதற்காகவே அரியாங்குப்பத்திலிருந்து பஸ் ஏறி சாரத்தில் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு, யாரோ முக்கியமானவர் வீட்டுக்கு வந்ததுபோல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"வெளிச்சமாத் தெரியுதுடா. ஆளு தெரியல" என்றாள். அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரல்தான் அது.

அவள் பெயர் அஞ்சலாட்சி. சர்க்கரை வியாதி அவளுடைய வலது கண்ணை முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டது. இடது கண்ணுக்கு மாசாமாசம் ஊசி போடுகிறார்கள். போன தடவை நான்தான் கூடப் போனேன். இருக்கிற பார்வையை எவ்வளவு நாள் நிறுத்தி வைக்க முடியும் என்று சொல்ல முடியாது, பார்க்க வேண்டியதையெல்லாம் இப்பவே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். காசி ராமேஸ்வரம் என்று அவர் நினைத்திருப்பார். அக்காவிடம் கேட்டேன். உங்க மாமா சிரிச்சாப்பல ஒரு படம் இருந்தா பார்க்கணும் என்றாள். அதற்கு நான் எங்கே போவேன்?

சாமிக்கண்ணு மாமா செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிசாக்கிய படம். அதில் மனுஷன் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி முறைக்கிறார். உயிரோடு இருந்தவரை ஒரு ஈ காக்காயைக்கூட முறைத்ததில்லை. நல்ல படம் ஒன்று இல்லாமல் போனதற்குக் காரணம் அவருடைய தொழில். மில்லில் ஷிப்ட் வேலை, மற்ற நேரத்தில் கல்யாண வீடியோக்காரருக்கு லைட் பிடிக்கிற வேலை. அந்தக் காலத்தில் வீடியோக்காரர் முன்னால் நடக்க, இன்னொருத்தர் பக்கத்திலேயே ஒரு ராட்சச லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவாரே, அது. முகூர்த்த நாளில் சாரத்தில் எந்த மண்டபத்துக்குப் போனாலும் மாமா இருப்பார். எந்தக் கேசட்டிலும் இருக்க மாட்டார்.

என் கல்யாணத்துக்கு அவர் விருந்தாளியாகத்தான் வந்தார். மாப்பிள்ளையின் அக்காள் புருஷன், சாதாரண மரியாதையா? நைட் ஷிப்ட் முடித்து, குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். வீடியோக்காரருடைய லைட் ஆள் அன்றைக்குப் பார்த்து வரவில்லை. எல்லோரும் கையைப் பிசைந்தபோது, மணவறையில் உட்கார்ந்திருந்த துரை, அதாவது நான், "மாமாவே பிடிச்சிடுவாரு, அவருக்குப் பழக்கம்தானே" என்றேன். மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லைட்டைத் தூக்கினார். காலையிலிருந்து பந்தி முடிகிறவரைக்கும் அதை இறக்கவில்லை. கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். குடும்பத்தோடு எடுத்த ஒரு போட்டோவிலும் அவர் இல்லை. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்றைக்கு என்னை அறுக்கிற விஷயம்.

அதோடு விட்டேனா? இருபது நாள் கழித்துக் கேசட் வந்தது. டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வாசலில் வைத்து, தெருவே உட்கார்ந்து பார்த்தது. எங்கள் தெருக்கோடியில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருத்தர் இருந்தார், அவர்கூட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தாலி கட்டுகிற இடம் வந்தது. நான் தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறேன், முதல் முடிச்சு போடுகிறேன், அவ்வளவுதான், என் முகம் அப்படியே இருட்டில் முழுகிவிட்டது. பின்னால் மற்ற முடிச்சுகளைப் போடக் குனிந்திருந்த அக்காவின் முகத்தில் மட்டும் வெளிச்சம் கொட்டுகிறது. பத்து செகண்டு இருக்கும். எனக்கு வந்ததே கோபம். "நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்கி வழிஞ்சா இப்படித்தான். ஒரு லைட்ட ஒழுங்காப் பிடிக்கத் தெரியல" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மாமா சிரித்தார். "தப்புதான் மச்சான். உன் அடுத்த கல்யாணத்துக்கு ஒழுங்காப் பிடிச்சிடறேன்" என்றார். தெருவே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் ஷிப்டுக்கு நேரமாச்சு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் சொந்தக்காரர் கல்யாணம் எதிலும் அவர் லைட்டைத் தொடவில்லை. வெளியார் கல்யாணத்தில் மட்டும் பிடித்தார். மில் மூடின பிறகு அதுவே சோறு போட்டது.

போன மாசம் என் மகள் கவிநிலா சென்னையிலிருந்து வந்தவள், பரணில் கிடந்த அந்தக் கேசட்டை எடுத்துப்போய் ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கினாள். கடைக்காரர் சதுரமாக இருந்த படத்தை அகலமாக இழுத்துவிட்டிருந்தார். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒரு சுற்று பெருத்திருந்தார்கள். நான் அப்பவே இவ்ளோ குண்டா என்று என் வீட்டுக்காரி அமுதவல்லி இரண்டு நாள் புலம்பினாள். கவிநிலா அதைத் தன் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ப்பா, இந்த ஓரத்துல லைட்டோட நிக்கிறது மாமா இல்ல?" என்றாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவரேதான். இத்தனை வருஷம் எத்தனை தடவை அந்தக் கேசட்டைப் போட்டிருப்போம், ஒரு தடவைகூட அவரைப் பார்த்ததில்லையே என்றேன். அந்தக் காலத்து டிவியெல்லாம் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் சட்டத்துக்குள் மறைத்துவிடும், கேசட்டில் எப்பவும் இருந்திருக்கிறார், டிவிதான் காட்டவில்லை என்று அவள் விளக்கினாள். லேப்டாப்பை எங்களிடமே விட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

லேப்டாப்பில் அக்காவுக்குத் தெரியாவிட்டால் என்ன, கூடத்தில் நாற்பத்து மூணு இஞ்ச் டிவி இருக்கிறது. மின்துறையில் முப்பத்திரண்டு வருஷம் கம்பத்தில் ஏறி இறங்கினவன் நான். ஒரு ஒயரை இங்கே ஒரு முனை, அங்கே ஒரு முனை சொருகத் தெரியாதா? ஜன்னலையெல்லாம் சாத்தச் சொன்னேன். சொருகினேன். டிவியில் லேப்டாப் வந்தது. பெருமையாக அமுதாவைத் திரும்பிப் பார்த்தேன். படத்தை ஓடவிட்டு, தாலி கட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். நான் இருக்கிறேன், அமுதா இருக்கிறாள், அக்கா குனிந்திருக்கிறாள். இடது ஓரத்தில் தூணில் பாதி இருக்கிறது. மாமா இல்லை.

லேப்டாப்பைப் பார்த்தேன். அதில் இருக்கிறார். டிவியைப் பார்த்தேன். இல்லை. அந்தக் காலத்து டிவி செய்த அதே வேலையை இதுவும் செய்கிறது. உற்றுப் பார்த்தபோதுதான் எல்லாமே வெட்டுப்பட்டிருப்பது தெரிந்தது. கீழே இருக்கிற பட்டையைக் காணோம், மூலையில் இருக்கிற படங்கள் பாதிப் பாதியாக நின்றன.

கவிநிலாவுக்கு போன் போட்டேன். மீட்டிங்கில் இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். லேப்டாப்பில் ஸ்கேல் என்று ஒன்று இருக்கும், நூற்றைம்பது சதவீதம் என்று போட்டிருக்கும், அதை நூறாக்கு என்றாள். ஆக்கினேன். எழுத்தெல்லாம் எறும்பாகிவிட்டது, ஓரம் வரவில்லை. சரி, ரெசல்யூஷனை மாற்று என்றாள். மாற்றினேன். திரை ஒரு தடவை கறுத்து, திரும்ப வந்து, இப்படியே வைத்துக்கொள்ளட்டுமா என்று இங்கிலீஷில் கேட்டது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படிப்பதற்குள் பதினைந்து செகண்டு ஓடிப்போய்ப் பழையபடியே ஆகிவிட்டது. மூன்று தடவை இதே கூத்து. நாலாவது தடவை கண்ணாடியை மாட்டிக்கொண்டே உட்கார்ந்து பிடித்துவிட்டேன். படம் கொஞ்சம் மங்கியதுதான் மிச்சம். தூண் அதே பாதித் தூண்.

அக்கா நடுவில் அமுதா கொடுத்த மோரைக் குடித்தாள். ஒரு தடவை மட்டும் மணி என்ன என்று கேட்டாள். மூணேகால் என்றேன். இருட்டிவிட்டால் அவளுக்கு பஸ் நம்பர் தெரியாது. இங்கேயே தங்கு என்றால் கேட்கமாட்டாள், வீட்டில் மாமா படத்துக்கு விளக்கேற்ற வேண்டும். நீ சிரமப்படாதடா, இன்னொரு நாள் பார்த்துக்கலாம் என்றாள். இன்னொரு நாள் என்று அவள் சொன்னதும் எனக்கு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. இவ்வளவு தூரம் வரவழைத்து மறுபடியும் அவரை வெளியே நிறுத்திவிட்டேனே என்று இருந்தது.

கவிநிலா திரும்பக் கூப்பிட்டாள். லேப்டாப்பை விடுப்பா, டிவிதான் வெட்டுது, டிவி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்ற ஒரு பட்டன் இருக்கும் பார் என்றாள். ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இல்லாத பட்டனை எங்கே அமுக்குவது என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அவள் பொறுமையாக, அது டிவியோடு வந்த ரிமோட்தானா என்று கேட்டாள்.

நான் அமுதாவைப் பார்த்தேன். அமுதா என்னைப் பார்த்தாள். டிவி வாங்கிய அன்றே, ஒரிஜினல் தேய்ந்துவிடும் என்று அதைப் பிரிக்காமல் உள்ளே வைத்துவிட்டு, கடைத்தெருவில் ஒரு டூப்ளிகேட் வாங்கி, அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டி நாலு வருஷமாகப் புழங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த யோசனை யாருடையது என்று இப்போது பேச்செடுத்தால் சண்டை வரும். அமுதா பீரோவைத் திறந்து, கூறைப்புடவைக்கு அடியிலிருந்து ஒரிஜினல் ரிமோட்டை எடுத்துவந்தாள். பாச்சை உருண்டை வாசனை அடித்தது. டூப்ளிகேட்டிலிருந்து பேட்டரிகளைப் பிடுங்கிப் போட்டேன். பட்டன் இருந்தது. அமுக்கினால் பதினாறுக்கு ஒன்பது, ஜூம் என்று வரிசையாக வந்து, கடைசியில் 'ஸ்கிரீன் ஃபிட்' என்று வந்தது. அதில் நிறுத்தினேன்.

படம் நாலு பக்கமும் ஒரு சுருங்கு சுருங்கியது. கீழே பட்டை வந்தது. இடது பக்கம் தூண் முழுசாக வந்தது. தூணுக்குப் பக்கத்தில் சாமிக்கண்ணு மாமா வந்தார்.

அக்கா எழுந்து டிவிக்கு ஒரு முழம் தள்ளிப்போய் நின்றாள். நல்ல கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

"கைய மடிச்சு விட்டிருக்காரு" என்றாள் அக்கா. பிறகு, "அந்தச் சட்டை நான் துணியெடுத்துத் தைக்கக் குடுத்தது. வந்ததும் கசக்கிட்டாரு." பிறகு இன்னும் குனிந்து பார்த்து, "நல்லா சதை போட்டிருக்காருடா. போறப்ப எலும்பும் தோலுமா இல்ல போனாரு" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

இழுத்த படத்தைச் சரியாக்கவும் கவிநிலா வழி சொல்லியிருந்தாள், ஒரு பட்டனை அமுக்கினால் எல்லோரும் பழைய மாதிரி ஒல்லியாகிவிடுவார்கள். இரண்டு நாள் புலம்பிய அமுதா, என் கையை லேசாகத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

படத்தை ஓடவிட்டேன். கொஞ்சம் முன்னாலிருந்து. நான் முதல் முடிச்சு போடும்போது மாமா திரையிலேயே இல்லை, வீடியோக்காரருக்குப் பக்கத்தில் எங்கேயோ வெளியே நிற்கிறார். அக்கா பின்னால் குனிகிறாள். அவள் விரல்கள் எதையோ தேடுகின்றன. தலையை நிமிர்த்தி இடது பக்கம் ஒரு பார்வை பார்க்கிறாள். உடனே மாமா ஓரத்தில் நுழைகிறார். இரண்டு கையாலும் லைட்டை எல்லார் தலைக்கும் மேலே தூக்கி, அமுதாவின் பின்கழுத்துக்கு நேராகப் பிடிக்கிறார். என் முகம் இருண்டுபோகிறது. தூங்கி வழிகிற ஆள் செய்கிற வேலையா இது? நுனிக்காலில் நிற்கிறார்.

"நூலு தெரியல எனக்கு" என்றாள் அக்கா, திரையைப் பார்த்துக்கொண்டே. "பின்னால ஒரே இருட்டு. ஒரு முடிச்சு போட்டுட்டேன், மூணாவது போடறப்ப நுனி கையவிட்டு நழுவிப்போச்சு. என்னா பண்றதுன்னு அவரப் பார்த்தேன். பார்த்ததும் வந்துட்டாரு."

"அந்தச் சூடு எனக்கு ஞாபகம் இருக்குது அண்ணி" என்றாள் அமுதா. அவள் கை தாலிச்சரடைப் பிடித்துக்கொண்டிருந்தது. "கழுத்துல சுள்ளுன்னு அடிச்சுது."

முப்பது வருஷத்துக்கு மேலாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நீ திட்டினியே, அன்னிக்கி அவரு ஷிப்டு முடிஞ்சு வந்ததும் நான் அழுதேன். காலையில போயி எல்லாருக்கும் சொல்லிடறேன்னேன். 'முடிச்சு நழுவிச்சுன்னா உங்க ஆளுங்க சகுனம் பார்ப்பாங்க. வந்த பொண்ணுக்கு எதுனா ஒண்ணுன்னா அதையே பேசுவாங்க. லைட்டு ஆடுச்சுன்னே இருக்கட்டும் விடு'ன்னாரு."

கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் எங்களுக்கு முதல் குழந்தை தங்காமல் போனது. எங்கள் பெரியப்பா வகையில் சகுனம் பார்க்காத ஆள் கிடையாது. அந்த நேரத்தில் மூணாவது முடிச்சு நழுவிய கதை ஒருத்தர் காதில் விழுந்திருந்தால் அமுதாவை என்ன பாடு படுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அமுதாவுக்கும் தெரியும். அவள் சமையற்கட்டுக்குள் போனாள். எதையோ கழுவுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"அக்கா, நான் அப்படி பேசியிருக்கக் கூடாது. அவரு இருக்கும்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கணும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில் அக்கா முன்னால் அழுதேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "இன்னொரு தடவ போடு. வேகமா ஓட்டாத" என்றாள்.

போட்டேன். நாலு தடவை போட்டேன். நாலாவது தடவைதான் நான் கவனித்தேன், அவள் முதல் தடவையே பார்த்திருப்பாள். முடிச்சு போட்டாகிவிடுகிறது. அக்கா நிமிர்ந்துவிடுகிறாள். லைட்டைத் திருப்ப வேண்டியதுதான். மாமா திருப்பவில்லை. வெளிச்சம் அக்காவின் முகத்திலேயே நிற்கிறது. வேர்த்து, நெற்றிப் பொட்டு கலைந்து, வேலை முடிந்த நிம்மதியில் அவள் நிற்க, ஓரத்தில் மாமா அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். வீடியோக்காரர் ஏதோ அதட்டியிருக்க வேண்டும், திடுக்கிட்டு லைட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டு திரைக்கு வெளியே போய்விடுகிறார். சிரிக்கிற இடத்தில் நிறுத்தி வைத்தேன்.

மணி நாலரை ஆகிவிட்டிருந்தது. அக்கா பையை எடுத்தாள், செருப்பு எங்கே என்று கேட்டாள், திரும்பவும் டிவி பக்கம் போனாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த அமுதாதான், "அண்ணி, அண்ணன் பக்கத்துல நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துடறேன். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தாப்பல ஒண்ணுகூட இல்லியே" என்றாள். அக்கா கூச்சப்பட்டாள். இந்த வயசுல என்னாடி என்றாள். ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, டிவியின் இடது ஓரத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

போனில் பார்த்தால் டிவி மட்டும் பளிச்சென்று இருக்கிறது, அக்கா கறுப்பாக ஒரு நிழல். ஜன்னலைத் திறந்தால் டிவியில் மாமா மங்கிப்போகிறார். அமுதா யோசித்துவிட்டு, உங்க போன்ல டார்ச் இருக்கு இல்ல, அதக் காட்டுங்க என்றாள்.

டார்ச்சைப் போட்டுக் கையைத் தூக்கி அக்கா முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அவளுக்குக் கண் கூசவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தேடி, கண்டுபிடித்து, என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அமுதா போனைச் சரித்து, முன்னால் வந்து, பின்னால் போய் அளவு பார்த்தாள்.

"ஏங்க, நீங்க ஓரத்துல விழறீங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள்.

தள்ளிக்கொண்டேன். அவள் எடுத்துமுடித்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இன்னும் ஒன்று எடுத்தாள். எனக்குத் தோள் கடுத்தது. அக்கா டிவி விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். போதும், இறக்குங்க என்று அமுதா சொன்ன பிறகும் நான் கையை இறக்கவில்லை.